அப்பாவின் டம்ளருக்கு எந்தக் காப்ஸ்யூல்? சேலத்தில் வீட்டு மெஷின் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி_வீடு · சனி, இரவு 9.12

வணக்கம். என் தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். போன வாரம் ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு காப்ஸ்யூல் காபி மெஷின் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு வேளைப் பொடியை அடைத்த சின்னக் குப்பிதான் காப்ஸ்யூல், அதைப் போட்டுப் பட்டனை அழுத்தினால் காபி இறங்கும். அப்பாவுக்கு 74 வயது. காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். அம்மா தவறிய பிறகு அந்த முதல் காபியை அவரேதான் போட்டுக்கொள்கிறார், யாரையும் எழுப்ப மாட்டார். இரண்டு மாதம் முன்பு பில்டரில் தண்ணீர் ஊற்றும்போது கை நடுங்கி, கொதிநீர் இடது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. தழும்பு இன்னும் மறையவில்லை. தங்கைக்கு அது மனதிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இந்த மெஷின்.

கூடவே வந்த மாதிரிக் காப்ஸ்யூல்கள் நான்கே நாளில் தீர்ந்துவிட்டன. தினமும் வேறு வேறு நிறம் எடுத்துப் போட்டுக் குடித்தார். அவர் எதற்கும் குறை சொல்கிற ஆள் இல்லை. நான்காம் நாள் டபராவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, “கலர் வருது, காபி வரலை” என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பார்த்தால் பழைய பித்தளை பில்டரைத் தேடி எடுத்து அடுப்பு மேடையில் வைத்திருந்தார்.

இப்போது புதிதாகக் காப்ஸ்யூல் வாங்க வேண்டும். ஆன்லைனில் பார்த்தால் ஒன்று 30 ரூபாயிலிருந்து 90 ரூபாய் வரை இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி 4, 8, 11 என்று எண் போட்டிருக்கிறார்கள். ரிஸ்ட்ரெட்டோ, லுங்கோ என்று பெயர்கள் வேறு. அப்பா இத்தனை வருடம் குடித்தது 70:30 பொடியில் (காபி 70, சிக்கரி 30) இறக்கிய டிகாக்ஷன், நன்றாகக் காய்ச்சிய பால், அரை ஸ்பூன் சர்க்கரை. அதற்குப் பக்கத்திலாவது வரக்கூடிய காப்ஸ்யூல் எது? பெரிய எண் வாங்கினால் சரியாகிவிடுமா?

---

டிகாக்ஷன்_70_30 · சனி, இரவு 9.40

முதலில் மெஷின் எது என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் நாம் காப்ஸ்யூல் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒன்றில் போடுவது இன்னொன்றில் சேராது.

நெஸ்பிரெஸ்ஸோ கம்பெனி மெஷினிலேயே இரண்டு வகை. ஒரிஜினல் என்பது பழையது. காப்ஸ்யூல் சின்ன வாளி போல இருக்கும், 19 பார் பம்பு சுடுநீரை அழுத்தித் தள்ளும். வெர்டுவோ காப்ஸ்யூல் குடை போலக் குவிந்தது, விளிம்பைச் சுற்றி பார்கோடு இருக்கும். மெஷின் அதைப் படித்துவிட்டுக் காப்ஸ்யூலையே நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை சுழற்றிக் காபியை எடுக்கும். டோல்சே கஸ்டோ அகலமான பிளாஸ்டிக் டப்பா. அதில் பால் பவுடர் காப்ஸ்யூல்கூட தனியாக உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் கியூரிக்கில் இந்த அளவு அழுத்தம் கிடையாது, சும்மா வெந்நீர் வடிகிற மாதிரிதான்.

உங்களுடையது ஒரிஜினல் என்றால் நல்லது. அதன் முக்கியமான காப்புரிமைகள் 2012-ஐ ஒட்டி முடிய ஆரம்பித்த பிறகு பல கம்பெனிகள் அதே அளவில் காப்ஸ்யூல் போடுகின்றன. லவாட்சாவும் போடுகிறது. நம் நாட்டில் காபிசா, பான்ஹோமியா எல்லாம் அந்த அளவுதான். வெர்டுவோவாக இருந்தால் இந்த வசதி கிட்டத்தட்ட இல்லை, ஒரே இடத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

---

அஸ்தம்பட்டி_வீடு · சனி, இரவு 9.58

பார்த்துவிட்டேன் அண்ணா. வாளி மாதிரிதான் இருக்கிறது, மேலே லிவர். ஒரிஜினல் வகைதான். இரண்டு பட்டன், ஒன்றில் சின்னக் கப் படம், இன்னொன்றில் பெரிய கப் படம். அப்பா எப்போதும் பெரிய கப் பட்டனைத்தான் அழுத்துகிறார்.

---

மாமாங்கம்_சர்வீஸ் · சனி, இரவு 10.25

வீட்டுச் சாமான் ரிப்பேர் பார்க்கிறவன். காப்ஸ்யூலுக்கு முன்னால் இரண்டு விஷயம்.

சிங்கப்பூர் மெஷின் என்றால் கரன்ட் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மெஷினை நேரே சொருகி எரித்துவிட்டு என்னிடம் எடுத்து வந்தவர்கள் உண்டு, அதனால்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். உங்களுக்குப் பின் மட்டும்தான் வேறு. பத்து ரூபாய் அடாப்டர் வேண்டாம். சூடாகும் நேரத்தில் 1,200 வாட் அளவுக்கு இழுக்கும், லூஸான அடாப்டர் உருகிவிடும். நல்ல கன்வர்ஷன் பிளக் வாங்கி, கிரைண்டர் போடுகிற 16 ஆம்பியர் சாக்கெட்டில் போடுங்கள்.

இரண்டாவது தண்ணீர். எங்கள் பக்கம் வெள்ளைக்கல் பூமி, மேக்னசைட் தோண்டுகிற இடம். போர் தண்ணீரில் மெக்னீசியமும் சுண்ணாம்பும் அதிகம். கீசர் காயிலைக் கழற்றினால் சங்கு போல வெள்ளையாகப் பிடித்திருக்கும். இந்த மெஷினுக்குள் தண்ணீர் ஓடும் குழாய் மிகச் சின்னது, அதில் அடைத்தால் காபி சொட்டுச் சொட்டாக வரும், சூடும் குறையும். அஸ்தம்பட்டியில் உங்களுக்கு மேட்டூர் தண்ணீர் வருகிறதா? வடிகட்டிய மேட்டூர் தண்ணீரையே ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். டேங்கில் நேற்றைய தண்ணீர் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். படிவம் நீக்கும் கரைசலைக் கையேட்டில் சொன்னபடி விட வேண்டும். வினிகர் ஊற்றினால் உள்ளே ரப்பர் கெட்டுப்போகும்.

---

இருபதாம்_வளைவு · ஞாயிறு, காலை 6.05

அந்தப் பெரிய கப் பட்டன்தான் உங்கள் அப்பாவின் காபியைக் கெடுக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் நிழல், மரத்தில் மிளகுக் கொடி, கீழே அராபிகா வகைக் காபி. இந்த மலைக்குக் காபி வந்தது 1820-களில், சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அப்போதிலிருந்து இங்கே அராபிகாதான். நாலாயிரம் நாலாயிரத்தைந்நூறு அடி உயரத்தில் மெதுவாகப் பழுக்கிற கொட்டையில் வாசனையும் லேசான புளிப்பும் இருக்கும். பால் இல்லாமல் குடித்தால் அந்தப் புளிப்பு அழகு, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மாதிரி. ஆனால் லேசாக வறுத்த அராபிகாவில் பாலை ஊற்றினால் அது காணாமல் போய்விடும். கூடவே காபியும் போய்விடும். உங்கள் அப்பா சொன்னாரே, “கலர் வருது, காபி வரலை” என்று, அது மிகச் சரியான வார்த்தை.

பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது தரத்தின் அளவும் இல்லை, கஃபீன் அளவும் இல்லை. வறுவல் எவ்வளவு கறுப்பு, கசப்பு எவ்வளவு, நாக்கில் எவ்வளவு கனம் என்று அந்தந்தக் கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். ஒரு கம்பெனியின் 8-ம் இன்னொன்றின் 8-ம் ஒன்றல்ல. எண்ணுக்குப் பதில் பெட்டியின் பக்கவாட்டில் படியுங்கள். ரொபஸ்டா என்கிற இன்னொரு வகைக் கொட்டை கலந்திருக்கிறதா? டார்க் ரோஸ்ட் என்று போட்டிருக்கிறதா? பாலோடு குடிக்க ஏற்றது என்று சொல்லியிருக்கிறார்களா? அராபிகா விளைவிக்கிற நானே சொல்கிறேன், பால் காபிக்கு ரொபஸ்டா வேண்டும். கனமும் கசப்பும் மேலே நிற்கிற நுரையும் அதில்தான் வருகிறது. “100% அராபிகா” என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து உயர்ந்தது என்று வாங்கிவிடாதீர்கள். அது வேறு விதமாகக் குடிப்பவர்களுக்கு.

அடுத்தது அளவு. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. இந்தக் காப்ஸ்யூலுக்குள் இருப்பது ஐந்து, ஐந்தரை கிராம் பொடி. நாம் பில்டரில் ஒரு டம்ளர் காபிக்கு எட்டுப் பத்து கிராம் போடுகிறோம், அதில் சிக்கரியும் சேர்ந்து நிறமும் கனமும் கொடுக்கிறது. காப்ஸ்யூலில் பொதுவாகச் சிக்கரி கிடையாது. பாதிப் பொடியை வைத்துக்கொண்டு முழு டம்ளர் கேட்டால் எந்தக் காப்ஸ்யூலாலும் முடியாது, 90 ரூபாய் கொடுத்தாலும் முடியாது.

இந்த மெஷினில் ரிஸ்ட்ரெட்டோ என்றால் 25 மில்லி, எஸ்பிரெஸ்ஸோ 40, லுங்கோ 110. அப்பா அழுத்துவது லுங்கோ. அதே ஐந்து கிராமில் 110 மில்லி தண்ணீரை விட்டால் முதலில் நல்ல சாறு வரும், பிறகு வருவது கசப்புத் தண்ணீர். அதன் மேல் பால் வேறு. சின்னக் கப் பட்டனை அழுத்தி 30 மில்லியில் நிறுத்துங்கள். பால் 80, 90 மில்லிக்கு மேல் வேண்டாம். ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் என்றால் கொழுப்பு 6%, நீலத்தில் 3% தான். தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சுங்கள். டம்ளர் சின்னதாக இருக்கட்டும்.

பட்டனில் அளவை மாற்றி வைக்கலாம். காப்ஸ்யூல் போட்டுப் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்து, வேண்டிய அளவு வந்ததும் விட்டால் அந்த அளவு பதிந்துவிடும். அப்புறம் ஒரு தட்டுத் தட்டினால் தினமும் அதே அளவு. பெரிய கப் பட்டனையும் 30 மில்லிக்கே பதிந்து வைத்துவிடுங்கள். இருட்டில் எதை அழுத்தினாலும் சரியான காபி வரும்.

---

குகை_டம்ளர் · ஞாயிறு, காலை 8.30

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள், ஆனால் அடிப்படையையே கேட்கிறேன். ஒரு காப்ஸ்யூலில் ஐந்தரை கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு 180 காப்ஸ்யூல். ஒன்று 40 ரூபாய் வைத்துக்கொண்டால் கிலோ 7,200 ரூபாய். நம் கடைவீதியில் கண் எதிரே வறுத்து அரைத்துச் சூடாகக் கையில் கொடுக்கிற பொடி அதில் ஏழில் ஒரு பங்குகூட வராது. அதுவும் எந்த ஊரிலோ எப்போதோ அரைத்து அடைத்தது. பொடிக்கு உயிரே அரைத்த அன்று வருகிற வாசனைதான்.

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்றால் ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் பில்டரில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலை ஐந்து மணிக்கு டிகாக்ஷன் தயாராக இருக்கும். பெரியவருக்குப் பழகிய ருசியை இந்த வயதில் ஏன் மாற்ற வேண்டும்?

---

அஸ்தம்பட்டி_வீடு · ஞாயிறு, காலை 9.10

நீங்கள் கேட்பது நியாயம். ராத்திரி இறக்கி வைத்தும் பார்த்தோம். பத்து நாள். ஆறிய டிகாக்ஷனில் சூடான பாலை ஊற்றினால் வாசனை ஏறவில்லை என்றார், டிகாக்ஷனைச் சுட வைத்தால் முறுகிய வாடை வருகிறது என்றார். இரண்டும் உண்மைதான், நானும் குடித்துப் பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் ஊற்றி வைத்த டிகாக்ஷனில் கலந்து குடிப்பது அவருக்கு “எனக்காக ஒருத்தன் கஷ்டப்படுறான்” என்று தோன்றுகிறது. ஐந்து மணிக்கு அவர் காபியை அவரே போட்டுக்கொள்ள வேண்டும். அதை அவரிடமிருந்து எடுத்துவிட எனக்கு மனசில்லை.

---

குகை_டம்ளர் · ஞாயிறு, காலை 9.22

புரிகிறது தம்பி. அப்படியென்றால் அந்த ஐந்து மணிக் காபிக்கு மட்டும் காப்ஸ்யூல் வாங்குங்கள். மற்ற வேளைக்கு நீங்கள் எழுந்த பிறகு பில்டரில் போட்டுக் கொடுங்கள். நாளுக்கு மூன்று காப்ஸ்யூல் என்று கணக்குப் போட்டு மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

---

சூரமங்கலம்_மருமகள் · ஞாயிறு, பகல் 2.15

எங்கள் வீட்டில் மாமனாருக்காகவே இதே மெஷின் இரண்டு வருடமாக இருக்கிறது. அவருக்கு வலது கை பக்கவாதத்துக்குப் பிறகு சரியாக வராது. இடது கையால் லிவரைத் தூக்கிக் காப்ஸ்யூல் போட்டு மூடிவிடுவார். அண்ணா, நீங்கள் காப்ஸ்யூலைப் பற்றியே யோசிக்கிறீர்கள், பாலை யார் காய்ச்சுவது? மெஷின் டிகாக்ஷன் பாதியைத்தான் பார்த்துக்கொள்ளும். அடுப்பில் பால் பொங்கும்போது பாத்திரத்தை இறக்குவது கொதிநீர் ஊற்றுவதைவிட ஆபத்து.

நாங்கள் செய்வது இதுதான். ராத்திரியே பாலைக் காய்ச்சி ஆற வைத்து, பிடி வைத்த கண்ணாடிக் கப்பில் ஒரு வேளைக்கு வேண்டிய 90 மில்லியை அளந்து ஊற்றி மூடி பிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் அவர் அப்படியே மைக்ரோவேவில் வைத்து ஒரு பட்டன். எங்கள் அடுப்பில் 50 வினாடி சரியாக இருக்கிறது, உங்களதில் பார்த்து வையுங்கள். எவர்சில்வர் டம்ளரை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்பதைப் பெரியவர்களிடம் ஒரு முறைக்கு இரு முறை சொல்லிவிட வேண்டும்.

டம்ளர் ஜில்லென்று இருந்தால் 30 மில்லி காபி அதில் விழுந்ததுமே ஆறிவிடும். அதனால் முதலில் காப்ஸ்யூல் இல்லாமல் ஒரு தடவை வெறும் சுடுநீரை டம்ளரில் இறக்கி, கொட்டிவிட்டு, அப்புறம் காப்ஸ்யூல் போடச் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்த பிறகுதான் மாமனார் “சூடு பத்தலை” என்று சொல்வதை நிறுத்தினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கேட்டால் நான் கஃபீன் நீக்கிய டீகாஃப் காப்ஸ்யூல்தான் கொடுப்பேன், அவரிடம் சொல்லிவிட்டே கொடுப்பேன். ராத்திரி தூக்கம் நன்றாக வருகிறது.

---

ஐந்துரோடு · ஞாயிறு, மாலை 5.50

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க என் அனுபவம். விலை குறைவு என்று ஒரே தடவையில் 100 பிளாஸ்டிக் காப்ஸ்யூல் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் பத்தில் மூன்று சரியாகத் துளைபடவில்லை. தண்ணீர் காப்ஸ்யூலைச் சுற்றி ஓடி, கீழே பழைய காப்ஸ்யூல் விழும் டப்பாவில் நிறைந்தது. கப்பில் வந்தது டீத்தண்ணீர் நிறம். இன்னொன்று உள்ளேயே சிக்கிக்கொண்டு லிவர் திறக்கவில்லை, அணைத்து ஆறவிட்டுத்தான் எடுக்க முடிந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் தேதி முடிய இரண்டே மாதம்.

அதன் பிறகு நான் பத்துப் பத்தாகத்தான் வாங்குகிறேன். அலுமினியம் என்றால் காற்றுப் போகாது, பிளாஸ்டிக் என்றால் ஒவ்வொன்றும் தனி உறையில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். தயாரித்த தேதியைக் காட்டும் படம் இல்லாத விற்பனையாளரிடம் வாங்குவதில்லை. பங்குனி சித்திரை வெயிலில் ஆர்டர் செய்வதையும் தவிர்க்கிறேன். நம் ஊர் வெயிலில் அந்தப் பெட்டி எங்கெங்கே கிடந்து வருகிறதோ.

காபி இறங்கியதும் லிவரைத் தூக்கிக் காப்ஸ்யூலை உடனே தள்ளிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் சூட்டில் இளகி அடுத்த முறை சிக்கும்.

---

டிகாக்ஷன்_70_30 · ஞாயிறு, இரவு 8.05

சிக்கரி பற்றி ஒரு வார்த்தை. பில்டர் காபி என்று பெயர் போட்ட காப்ஸ்யூல் எங்காவது கண்ணில் பட்டால் சதவீதத்தைப் படியுங்கள். காபி-சிக்கரி கலவை என்று விற்றால் காபி குறைந்தது 51% இருக்க வேண்டும், எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் போட வேண்டும் என்பது சட்டம். சதவீதம் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

---

கன்னங்குறிச்சி_மாடித்தோட்டம் · திங்கள், காலை 7.15

யாரும் குப்பையைப் பற்றிப் பேசவில்லையே. நான் அலுமினியக் காப்ஸ்யூலை மட்டும் வாங்குவதற்கு அதுவே காரணம். பிளாஸ்டிக்கை எங்கேயும் எடுப்பதில்லை. அலுமினியக் காப்ஸ்யூல் ஆறிய பிறகு மேல் தகட்டை ஸ்பூன் காம்பால் கிழித்து, சக்கையைத் தட்டி எடுத்து, மட்கும் தொட்டியில் போடுகிறேன். நேராகச் செடியில் கொட்டினால் கட்டியாகி மேலே பூஞ்சை பிடிக்கும், காய்ந்த இலையோடு கலந்து மட்கிய பிறகு கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் போடலாம்.

காலி காப்ஸ்யூலைக் கழுவிக் காயவைத்து நசுக்கி ஒரு பையில் சேர்க்கிறேன். ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம்தான். நாளுக்கு மூன்று குடிக்கும் வீட்டிலிருந்து வருடத்துக்கு 1,095 காப்ஸ்யூல், கிட்டத்தட்ட ஒரு கிலோ அலுமினியம். எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார், ஆனால் சக்கையோடு கொடுத்தால் வாங்க மாட்டார்.

---

அஸ்தம்பட்டி_வீடு · திங்கள், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. மூன்று வகையில் பத்துப் பத்து ஆர்டர் போட்டிருக்கிறேன். ஒன்று ரொபஸ்டா கலந்த இத்தாலிய டார்க் ரோஸ்ட், இரண்டாவது நம் நாட்டுக் கம்பெனியின் டார்க் ரோஸ்ட், மூன்றாவது 100% அராபிகா. மூன்றாவது எனக்காக. இருபதாம்_வளைவு சொன்ன ஆரஞ்சுத் தோலைப் பால் இல்லாமல் குடித்துப் பார்க்க ஆசை.

ஒரு கேள்வி. ஏற்காட்டுக் காபியே காப்ஸ்யூலில் கிடைக்குமா? எந்தப் பெட்டியிலும் அந்த மலையின் பெயர், சேர்வராயன் என்று காணோமே.

---

இருபதாம்_வளைவு · செவ்வாய், காலை 5.40

அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிற இடம். எங்கள் தோட்டத்தில் பறிப்பதைத் தோல் நீக்கிக் களத்தில் காயவைத்து மூட்டையாகக் கொடுக்கிறோம். மேலோட்டை நீக்கித் தரம் பிரிக்கும் கியூரிங் ஆலைக்குப் போனதும் அது வேறு மலைக் கொட்டைகளோடு கலந்துவிடுகிறது, அத்தோடு பெயரும் போய்விடுகிறது. 2019-ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரி என்று ஐந்து காபிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். எங்கள் மலை அதில் இல்லை. இருநூறு வருடமாக விளைகிறது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, நான் வீட்டில் அதைத்தான் செய்கிறேன். திரும்பத் திரும்ப நிரப்பும் எவர்சில்வர் காப்ஸ்யூல் விற்கிறார்கள். ஒரிஜினல் அளவு என்று பார்த்து வாங்க வேண்டும். அதில் நம் பொடியை நாமே போடலாம். பொடி பில்டருக்கு அரைப்பதைவிட ஒரு படி நைசாக இருக்க வேண்டும், கோதுமை மாவாக ஆகிவிடக் கூடாது. விரல் நுனியில் தேய்த்தால் மெல்லிய நறநறப்பு தெரிய வேண்டும். ஐந்து கிராம் போட்டு ஸ்பூன் அடியால் லேசாக அழுத்துங்கள், இறுக்க வேண்டாம். முக்கியமாக, மூடுவதற்கு முன் விளிம்பைத் துணியால் துடைத்துவிடுங்கள். விளிம்பில் நாலு துகள் ஒட்டியிருந்தாலும் அழுத்தம் அந்த வழியாகக் கசிந்து ரப்பரைத் தின்றுவிடும்.

சிக்கரி கலந்த பொடி போட்டால் கவனம். நான் 60:40 போட்டபோது சிக்கரி பசையாகி ஓட்டைகளை அடைத்துவிட்டது, மெஷின் முனகிக்கொண்டே நின்றது. 80:20-ல் நாலரை கிராம் போட்டால் ஓடுகிறது. குடித்ததும் உடனே கழுவ வேண்டும், காய்ந்தால் குத்தி எடுக்க ஊசிதான்.

இதை உங்கள் அப்பா ஐந்து மணிக்குச் செய்ய வேண்டாம், கை நடுங்குகிறவருக்கு நிரப்புவது சிரமம். சாயங்காலம் நீங்கள் நிரப்பிக் கொடுங்கள்.

---

மாமாங்கம்_சர்வீஸ் · செவ்வாய், காலை 9.00

நிரப்பும் காப்ஸ்யூலால் பழுதானால் வாரண்டி பேச முடியாது, அதை மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். துகள் கசிவதைப் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் மாற்றுகிற ரப்பர் வளையங்களில் பாதி அப்படித் தேய்ந்ததுதான்.

---

அஸ்தம்பட்டி_வீடு · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.20

சொன்னபடி வந்து எழுதுகிறேன்.

முதல் வேலையாக இரண்டு பட்டனையும் 30 மில்லிக்குப் பதிந்துவிட்டேன். பால் 90 மில்லி, ராத்திரியே அளந்து கண்ணாடிக் கப்பில். எங்கள் மைக்ரோவேவில் 55 வினாடி. பெரிய டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, பரணில் இருந்த அம்மாவின் சின்ன டபரா செட்டை இறக்கினேன். அவள் விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது, வெளி விளிம்பில் பேர் வெட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

நம் நாட்டு டார்க் ரோஸ்ட் முதல் நாள். “பரவாயில்லை” என்றார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பது. இத்தாலிய ரொபஸ்டா கலவை இரண்டாம் நாள். நான் வேண்டுமென்றே அலாரம் வைத்து எழுந்து கூடத்தில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் சுடுநீரை இறக்கிக் கொட்டினார். காப்ஸ்யூல் போட்டார். இறங்கினதை முகர்ந்தார். பாலை ஊற்றி, டபராவுக்கும் டம்ளருக்கும் இரண்டு முறை ஆற்றினார். ஆற்றும்போது கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் ஒரு சொட்டும் சிந்தவில்லை, அளவு சின்னதாக இருந்ததால். ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த வாய்க்கு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அம்மா இருந்தபோது அங்கேதான் நின்று குடிப்பார்.

இப்போது அந்த வகைதான் தினமும். ஒன்று 42 ரூபாய், மாதத்துக்கு 1,260 ரூபாய். ஆறரை மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் பில்டர் காபி, நான் போடுகிறேன். குகை அண்ணா சொன்ன யோசனைதான் அது. பித்தளை பில்டர் மேடையிலேயே இருக்கிறது.

100% அராபிகாவைப் பால் இல்லாமல் குடித்தேன். முதல் இரண்டு நாள் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஆரஞ்சுத் தோல் தெரிந்தது.

---

ஃபேர்லண்ட்ஸ்_3 · ஞாயிறு, மாலை 4.00

இப்போதுதான் இந்த இழையைப் படித்தேன். என் மகன் அமெரிக்காவிலிருந்து வெர்டுவோ கொண்டுவருகிறேன் என்கிறான், வரச் சொல்லலாமா?

---

மாமாங்கம்_சர்வீஸ் · ஞாயிறு, மாலை 4.35

வேண்டாம் அம்மா. 120 வோல்ட், அதற்கு 2,000 வாட் தாங்குகிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தனியாக வாங்க வேண்டும், அதன் எடையே மெஷினைவிட அதிகம். காப்ஸ்யூலும் ஒரே இடத்தில்தான். அந்தப் பணத்தில் இங்கேயே 230 வோல்ட் ஒரிஜினல் வகையை வாங்கித் தரச் சொல்லுங்கள், பில்லும் வாரண்டியும் உங்கள் கையில் இருக்கும்.

---

இருபதாம்_வளைவு · ஞாயிறு, இரவு 7.10

அஸ்தம்பட்டி தம்பி, அப்பாவுக்குக் காபி வந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மார்கழியில் எங்களுக்குப் பழம் பறிப்பு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் மேலே வாருங்கள். வளைவில் தலை சுற்றும், முன் சீட்டில் உட்கார வையுங்கள். புதுக் கொட்டை வறுத்து அரைத்து உங்கள் எவர்சில்வர் காப்ஸ்யூலுக்கென்று தனியாக ஒரு கால் கிலோ எடுத்து வைக்கிறேன், 80:20.

---

அஸ்தம்பட்டி_வீடு · ஞாயிறு, இரவு 7.25

கட்டாயம் வருகிறோம் அண்ணா. அப்பாவிடம் சொன்னேன். “70:30 ஆக அரைக்கச் சொல்லு” என்கிறார். அது ஓடுமா?

---

இருபதாம்_வளைவு · ஞாயிறு, இரவு 7.31

காப்ஸ்யூலில் ஓடாது. பில்டருக்கு 70:30 தனியாக அரைத்து வைக்கிறேன்.